தண்ணீருக்குத் தாளிப்பு

மார்ச் 3, திங்கள்

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று இன்றும் கையெழுத்துப் போட்டேன். இதற்காகத்தான் மூன்று வருடம் வேதியியல் படித்தேன்.

தணிகை அக்வாவில் சேர்ந்த பிறகு வரும் முதல் கோடை இது. கேன் தண்ணீர் விற்பதற்கு அரசு முத்திரை வேண்டுமென்றால் கம்பெனிக்குள் ஒரு லேபும், லேபுக்குள் ஒரு கெமிஸ்டும் இருக்க வேண்டுமாம். லேப், முன்பு முதலாளி தணிகாசலம் சார் பழைய டயர் போட்டு வைத்திருந்த அறை. கெமிஸ்ட் நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலைக்கு எடுக்கும்போது அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். "பேசாத பொண்ணு. லேபுக்கு ரொம்ப நல்லது" என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

வேலை எளிது. ஏரிக்கரையோரம் இருக்கும் எங்கள் போர்வெல் தண்ணீர் ஆர்.ஓ. மிஷினுக்குள் போகிறது. உள்ளதையெல்லாம் உதறிவிட்டு வெளியே வருகிறது. அப்படி வருவது மிகவும் சுத்தமான தண்ணீர், அதனால் யாருக்கும் பிடிக்காது. சப்பென்று இருக்கும். ஆகவே கேனில் பிடிப்பதற்கு முன் ஒரு சின்ன வால்வைத் திறந்து, மிஷினுக்குள் போகாத போர்வெல் தண்ணீரையே நேராகக் கொஞ்சம் கலக்க வேண்டும். சார் இதற்கு வைத்திருக்கும் பெயர் தாளிப்பு.

"சாம்பாரு எவ்ளோ நல்லா வெச்சாலும் தாளிக்கலன்னா எவன் துன்னுவான்?" என்பார்.

கேனில் அச்சடித்திருக்கும் 'நம்ம ஊரு ருசி' அந்த வால்விலிருந்துதான் வருகிறது. தினமும் காலையில் அதைத் திறப்பது என் பொறுப்பு. பட்டதாரி கைக்கு அளவு தப்பாதாம்.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவுக்கு ஷூ கம்பெனியிலிருந்து வந்த மேல்தோல்களை எண்ணிக் கட்டிக் கொடுத்தேன். அம்மா வீட்டிலேயே தைத்துத் தருகிறாள்.

நிரோஷா அண்ணிக்கு ஐந்தாம் மாதம். போன வருடம் ஒன்று தங்கவில்லை. அதனால் இந்த முறை வீட்டில் சட்டங்கள் கடுமை. பப்பாளி வாசலைத் தாண்டி வரக்கூடாது. அண்ணன் முனிரத்தினம் பைக்கில் வேகமாகப் போகக்கூடாது, அண்ணி பின்னால் உட்காராவிட்டாலும். குழாய்த் தண்ணீர் அண்ணியின் உதட்டில் படக்கூடாது. ஊழியர் சலுகையில் எனக்கு வாரம் இரண்டு கேன் சும்மா கிடைக்கிறது. ஒன்று முழுவதும் அண்ணிக்கு.

"ஊர்ல எவளுக்குக் கெடைக்கும் இது? எம் பொண்ணு கையால சுத்தம் பண்ண தண்ணி" என்று அம்மா எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். நான் உள்ளே போய்விட்டேன். புகழ்ச்சி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, வியர்த்துவிடும்.

மார்ச் 18, செவ்வாய்

பேப்பரில் எங்கள் ஊர் வந்திருக்கிறது. வெண்ணம்பாக்கம் என்று பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் வந்தது ஏரி வற்றியபோது. அதற்கு முன் ஏரி உடைந்தபோது.

சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர்கள் பொங்கலுக்கு முன் ஏரியிலும், ஏரியைச் சுற்றியுள்ள போர்வெல்களிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் 'அழியா ரசாயனங்கள்' இருக்கின்றனவாம். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கவும், மழைக்கோட்டில் தண்ணீர் நிற்காமல் வழியவும் பூசுகிற சாமான். தொழிற்பேட்டையில் உள்ள பூச்சுக் கம்பெனியின் கழிவு ஓடையில் விழுந்து, ஓடை ஏரியில் விழுந்து, ஏரி நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. மண்ணில் மக்காது. உடம்புக்குள் போனால் வருடக்கணக்கில் தங்கும். ஈரல், தைராய்டு, கருவில் இருக்கும் குழந்தையின் எடை என்று எதையெதைத் தொடலாம் என எழுதியிருந்தார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வால்வைத் துடைத்தேன். தூசியாக இருந்தது.

கல்லூரியில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்தால் ஏன் எளிதில் பிரியாது? முழு மதிப்பெண் வாங்கினேன்.

கம்பெனியின் விளக்கமும் வந்திருக்கிறது: 'அனுமதிக்கப்பட்ட வரம்பை நாங்கள் மீறவில்லை.' இதற்கு வரம்பு எதுவும் இன்னும் குறிக்கப்படவில்லை என்று அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. கோடு இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டாமல் நிற்பதும் ஓர் ஒழுக்கம்தான்.

கேன் வண்டி ஓட்டும் சாதிக் அண்ணன் மதியம் லேபுக்குள் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, தண்ணியில மார்க்கண்டேயன் கீறானாமே?"

நான் விழித்தேன்.

"டீக்கடையில பேர் வெச்சிட்டானுங்கம்மா. என்னிக்கும் பதினாறு. எமனே கயிறு போட்டாலும் சாவ மாட்டானாம்."

என் அண்ணன் அந்தப் பூச்சுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். ராத்திரி சாப்பிடும்போது யாரும் பேப்பரைப் பற்றிப் பேசவில்லை. தோசை கல்லில் ஒட்டவே இல்லை. தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த கல்.

மார்ச் 19, புதன்

காலையிலேயே சார் லேபுக்கு வந்தார்.

"ஏம்மா ரேணுகா, நம்ம மிஷினு இந்த எழவ எடுக்குமா, எடுக்காதா?"

"பெரும்பாலும் எடுத்துடும் சார். ஆனா தாளிப்புல..."

'எடுத்துடும்' என்ற இடத்திலேயே போன் அவர் காதுக்குப் போய்விட்டது. "ஃப்ளெக்ஸ் கடையா? பெரிசா ஒண்ணு போடணும்பா."

ஆர்டர் இரண்டு மடங்காகிவிட்டது. குழாய்த் தண்ணீருக்குப் பயந்த ஊர் முழுவதும் எங்களிடம் ஓடி வருகிறது.

மார்ச் 24, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். இரண்டு ஆள் உயரம். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம். கண்ணை மூடப் போகும் நேரத்தில் எடுத்தது, தியானம் செய்வது போல் இருக்கிறது. படத்தை அம்மாதான் கொடுத்திருக்கிறாள்.

'அழியா ரசாயனம் அறவே இல்லை! எங்கள் கெமிஸ்ட் செல்வி மு. ரேணுகா, பி.எஸ்சி. (வேதியியல்) அவர்களின் உத்தரவாதம்!'

அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஃப்ளெக்ஸ் முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கித் திருஷ்டி கழித்தாளாம். நான் நாளை முதல் மார்க்கெட் வழியாகச் சுற்றி வேலைக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். என்னை நானே அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

மார்ச் 26, புதன்

வால்வு. கையெழுத்து. மதியம் எலுமிச்சைச் சாதம்.

மார்ச் 27, வியாழன்

சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பார்க்காமல் சொன்னேன்.

"சார், தாளிப்புக்கு நேரா போர்வெல் தண்ணியத்தான் விடுறோம். அதுல இருக்கறது அப்படியே கேனுக்குப் போவுது."

"எவ்ளோ விடுறோம்? கொஞ்சூண்டு."

"ருசிக்குன்னா தாது உப்பு வாங்கிச் சேக்கலாம் சார். பெரிய கம்பெனியில அப்டித்தான்..."

"ஏம்மா, பூமாதேவி சும்மா குடுக்கறத வுட்டுட்டு உப்ப வெல குடுத்து வாங்கச் சொல்றியா? எங்கப்பா காலத்துலேந்து குடிக்கிற தண்ணி இது. அவரு எம்பத்தாறு வயசு வரைக்கும் இருந்தாரு."

அவருடைய அப்பா காலத்தில் பூச்சுக் கம்பெனி இல்லை. இது எனக்கு வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது. அங்கே நான் சொன்னது "சரிங்க சார்."

மார்ச் 28, வெள்ளி

லேப் வேலையாகச் சில மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துவர வேண்டியிருக்கிறது. பெரிய பாட்டிலில், தாளிப்பு சேர்வதற்கு முன் மிஷினிலிருந்து நேராக வரும் குழாயில் பிடித்தது. தூக்கி எறிய மனமில்லாமல் அண்ணிக்குக் கொடுத்தேன். "மாசமா இருக்கறவங்களுக்குன்னு தனியா வந்திருக்கு அண்ணி. இதையே குடிங்க."

"அடேங்கப்பா, எனக்குன்னு ஸ்பெஷலா?" என்று வாங்கிக்கொண்டாள்.

தினமும் மாதிரி எடுப்பது நல்ல பழக்கம். தொடரலாம் என்று இருக்கிறேன். மற்றபடி வால்வு வழக்கம்போல் திறந்திருக்கிறது. ஆர்டர் அதிகம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மத்தியானமே வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அண்ணி பின்பக்கம் முருங்கைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என் பாட்டிலில் இருந்து.

என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "திட்டாத ரேணு. வாயில வெக்க முடியல. செத்த தண்ணி மாதிரி கீது. குடிச்சாலே கொமட்டுது."

"அப்போ இவ்வளவு நாளா எத குடிச்சீங்க?"

"கேன் தண்ணியத்தான். அதுக்கு இன்னா? பஸ் ஸ்டாண்டுல உம் மூஞ்சியப் போட்டு உத்தரவாதம்னு எழுதியிருக்கான். உன்ன நம்பாம வேற யார நம்புறது?"

முருங்கைக் கன்று நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

வால்வைத் திறக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்றும் மறந்துவிட்டேன். ஞாபகசக்தி குறைகிறது. தைராய்டாக இருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

ஊர் கொந்தளிக்கிறது. முப்பது வருடமாக ஓடையில் நுரை மிதந்தபோது கொந்தளிக்காத ஊர்.

சாதிக் அண்ணன் பாதி வண்டி கேனைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இன்னா தங்கச்சி பண்ணீங்க? தண்ணி செத்துப் பூட்ச்சுன்றாங்க. டீக்கடைக்காரன் டீயே எடுபட மாட்டேங்குதுன்றான். ரெட்டைக் கிணத்துத் தெருவுல ஒரு அம்மா மூஞ்சிலயே ஊத்த வந்துச்சு."

"வேற எதுனா சொல்றாங்களா?"

"சொல்லாம? மார்க்கண்டேயன் இப்பத்தான் கேன்ல எறங்கிட்டானாம். அதான் ருசி மாறிப்போச்சாம். முன்னாடி எவ்ளோ சுத்தமா இருந்துச்சுன்னு ஒரே பொலம்பல்."

அண்ணியும் அதையேதான் சொன்னாள். உத்தரவாதம் கொடுத்தவள் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

சார் நேராக வால்விடம் போனார். குனிந்து பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு மூடினது?"

நான் தரையைப் பார்த்தேன். தரை நன்றாகக் கழுவியிருந்தது.

"பேசாத பொண்ணுன்னு நெனச்சேன். கை மட்டும் நல்லா பேசுது."

அவரே வால்வைத் திறந்து, அதைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டு, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கத்தவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார், அதுதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாசலில் பந்தல் போடப் போகிறாராம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்று தாளித்தது, ஒன்று தாளிக்காதது. எது நல்ல தண்ணீர் என்று அவர்களே சொல்லட்டுமாம். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். கடைசியில் அவர் "கெமிஸ்டு, இத குடிக்கலாமா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்ட வேண்டும்.

"உனக்குப் புதுசா எதையும் சொல்லித் தரல பாரு" என்றார்.

வீட்டில் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். வால்வு, தாளிப்பு, எல்லாம்.

"எங்க கம்பெனி பேர இழுத்தா என்ன நாளைக்கே அனுப்பிடுவான். உன்னையும் தொரத்திட்டா புள்ளப் பேறு செலவுக்கு யாருகிட்ட நிக்கிறது? பேசாம நில்லு ரேணு. உனக்குத்தான் அது நல்லா வருமே."

"அண்ணி குடிக்கிறாங்கண்ணா."

"அவளுக்கு வேற தண்ணி பாத்துக்கலாம்."

நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பந்தல், மைக், நாற்காலி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். கூட்டம் குடத்துக்காகவா தண்ணீருக்காகவா என்று கேட்பது நாகரிகமில்லை. அம்மா முன்வரிசையில் பட்டுப்புடவையில். பக்கத்தில் அண்ணி, வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு.

ஒவ்வொருவராக வந்து இரண்டு டம்ளரையும் குடித்தார்கள். தாளிக்காததைக் குடித்தபோது முகம் சுருங்கியது. தாளித்ததைக் குடித்தபோது மலர்ந்தது.

"இது தண்ணி!"

"இதாங்க பழைய ருசி. தொண்டையில எறங்கறதே தெரியுது."

"அது சலைன் பாட்டில்ல வர்ற மாரி கீது, த்தூ."

ஒரு ஆள் கூட மாற்றிச் சொல்லவில்லை. சார் மைக்கில் சிரித்தார். அண்ணியும் எழுந்து வந்தாள். தாளிக்காத டம்ளரை மோந்து பார்த்துவிட்டு வைத்தாள். மற்றதை எடுத்தாள்.

"பாருங்க, எங்க கெமிஸ்டோட அண்ணி! சொந்தக் குடும்பமே குடிக்கிது!" என்றார் சார். பிறகு மைக்கை என் பக்கம் நீட்டினார். "சொல்லும்மா ரேணுகா. இத குடிக்கலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்து தானாக ஆடத் தொடங்கியது, பழக்கம். அண்ணி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் போய் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது.

"அண்ணி குடிக்கக்கூடாது."

மைக் பக்கத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ரெட்டைக் கிணத்துத் தெரு அமுலு அக்கா, குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்.

"இன்னாமே, உங்க அண்ணி குடிக்கக்கூடாது. நாங்க குடிக்கலாமா?"

அமுலு அக்கா கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் மருமகளும் மாசமாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனை வரிசையில் அண்ணிக்குப் பின்னால் நிற்பாள். பாட்டில் நிரப்பிய ஒரு நாள் கூட எனக்கு அவள் ஞாபகம் வந்ததில்லை.

"நீங்களும்தான்க்கா. யாருமே" என்றேன். பிறகு வால்வைப் பற்றிச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அங்கே ஒரு குடம் கூடச் சத்தம் போடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். ஊருக்கெல்லாம் இன்று விடுமுறை. எனக்கு இனி தினமும்.

அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் என் தட்டில் மட்டும் இரண்டு வடை கூடுதலாக இருந்தது. அண்ணன் காலையிலேயே எங்கோ போய்விட்டான். சாதிக் அண்ணன் வந்து, சார் புது ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். 'முதன்முறையாக, தாளிக்காத தண்ணீர்!' மூடி வெள்ளை நிறமாம், விலை கொஞ்சம் அதிகமாம். பழையதும் உண்டு, நீல மூடியில். கெமிஸ்டாக யாரோ ஒருவரின் சான்றிதழை வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். நல்ல யோசனை. சான்றிதழ் வால்வை மூடாது.

பத்து மணிக்கு அமுலு அக்கா வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள். நன்றி சொல்ல வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்கத் தொடங்கினார்கள்.

"சரி, எத குடிக்கிறது? அத சொல்லு."

"வெள்ள மூடி பரவால்லக்கா. அது நெசமாவே தாளிக்காததா இருந்தா."

"அவன் வால்வ மூடினானா தொறந்தானான்னு உள்ள போயி யாரு பாக்கறது? நீதான் வெளிய வந்துட்டியே."

அதற்குள் இன்னொருத்தி கேட்டாள்.

"கொழாய்த் தண்ணிய காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினா தண்ணிதான்க்கா கொறையும். அது கொறையாது."

"ஒல வெக்கிறதுக்கு?"

"தெரியலக்கா."

"மாட்டுக்கு வெக்கலாமா?"

"தெரியல."

"இவ்ளோ நாளா குடிச்சது உள்ள இருக்குமே, அத எப்டி எடுக்கறது?"

இதைக் கேட்டது அண்ணி. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்று நான் தண்ணீர் கொட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை. குரலில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியல அண்ணி" என்றேன்.

யாரும் எழுந்து போகவில்லை. அடுத்த திங்கள் கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கும் நாளுக்கு எல்லோரும் போவதென்று பேசி முடித்தார்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக சாதிக் அண்ணன் வண்டியையே கேட்பதாம். அவர் கேன் வண்டியில் பெண்களா என்று ஒருத்தி சிரித்தாள்.

"அங்க போயி நாங்க கத்துவோம். வெவரம் நீதான் பேசணும்" என்றாள் அமுலு அக்கா.

"எனக்குப் பேச வராதுக்கா."

"நேத்து வந்துச்சே."

பூச்சுக் கம்பெனி, ஓடை, ஏரி, போர்வெல், வால்வு என்று வரிசையாக இப்போதே ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். சொல்லத் தொடங்கினேன். ஏரி வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

அம்மா உடனே எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே குழாய்த் தண்ணீர்க் குடமும் கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அம்மா குடத்தைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். சொம்பைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.